அருகிருந்து கேட்டல்

இசை கேட்பதற்கு இந்நாளில் எவரும் எங்கும் போக வேண்டுவதில்லை. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் எழுந்த காலந்தொட்டுப் பாட்டு நம் வீடு தேடி வரத் தொடங்கியது. இன்று அது கைபேசியின் வடிவில் சட்டைப்பைக்குள்ளேயே குடியிருக்கிறது. வானொலியில் பேசுகின்ற நான் இந்த வசதியைக் குறை கூறுவது நன்றி மறந்த செயலாகும். எனினும், கருவிகள் எவ்வளவு நுட்பமாக அமைந்தாலும் அவற்றால் அளிக்க இயலாத ஓர் இன்பமும், அவ்வின்பத்தோடு சேர்ந்த ஒரு பொறுப்பும் உண்டு. நாற்பது ஐம்பது பேர் மட்டுமே அமரக்கூடிய சிறியதோர் இடத்தில், நம் ஊர்ப் பிள்ளைகளோ அண்டை ஊராரோ சேர்ந்து அமைத்த இசைக்குழுவை நேரில் இருந்து கேட்பதையே குறிப்பிடுகின்றேன். பழனி மலைத்தொடரையும் அதன் மேல் அமைந்த கோடைக்கானலையும் சான்றாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றேன்.

முதலில், எத்தகைய குழுவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். திரைப்படத்திற்காகவோ, இசைத்தட்டு நிறுவனத்தின் கட்டளைக்காகவோ பாடாமல், தம் பாட்டைத் தாமே இயற்றி, தாமே இசையமைத்து, மேடையையும் தாமே தேடிக்கொள்ளும் குழுவைச் ‘சுயாதீன இசைக்குழு’ என்று இப்போது வழங்குகின்றனர். சொல் புதியது, பொருளோ மிகப் பழையது. சங்க காலத்துப் பாணரும் கூத்தரும் பொருநரும் விறலியரும் இவ்வகையினரே அல்லரோ! பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், கூத்தர் குழு ஒன்று மலைவழியே நடந்து செல்வதைக் கூறுவது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் முதலிய கருவிகளைப் பைகளில் கட்டித் தோளில் சுமந்து அவர்கள் செல்கின்றனர். இசைக்கருவிகளை இட்டு வைக்கும் பைக்குக் ‘கலப்பை’ என்றே பெயர் இருந்தது. கலம் என்பது இங்கே இசைக்கருவியைக் குறிக்கும். இன்று வத்தலக்குண்டில் பேருந்து ஏறி, முதுகில் கிட்டார்ப் பையுடன் கோடைக்கானலுக்கு வரும் இளைஞரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வருகின்றது.

பழனிக்கு அக்காலத்தில் பொதினி என்பது பெயர். அதனை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் என்று அவனை நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கின்றோம். ஆனால் அவனைப் பற்றிய மற்றொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவன் தன் மனைவியாகிய கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் அவனிடம் சென்று, அவளிடம் திரும்பிப் போகுமாறு பாடினர். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் இவை. பரணரும் அரிசில் கிழாரும் பொன்னும் பொருளும் பரிசிலாக வேண்டா என்றே கூறிவிடுகின்றனர். இவன் மனைவியின் துயர் தீர்ப்பதே தாம் வேண்டும் பரிசில் என்கின்றனர். பரிசில் வாங்கி வாழ்பவர், பரிசில் கொடுப்பவனின் எதிரில் நின்று, அவன் விரும்பாத ஒன்றைப் பாட முடிந்தது. முகம் பார்த்துப் பாடும் இசைக்கு இத்தகைய ஆற்றல் உண்டு என்பதை இந்த மலைநாடு அன்றே கண்டிருக்கின்றது.

இந்த மரபு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், பண்ணைப்புரம் என்றோர் ஊர் உள்ளது. அவ்வூரினர் பாவலர் வரதராசன், தம் தம்பியரைச் சேர்த்துக்கொண்டு பாட்டுக் குழு ஒன்றை நடத்தினார். பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் ஊர் ஊராகச் சென்று பாடிய குழு அது. 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தபோது, தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளரிடையே பாவலரின் பாட்டு ஒலித்தது. அக்குழுவில் ஆர்மோனியப் பெட்டியுடன் சுற்றிய தம்பியரில் ஒருவரே பின்னாளில் இளையராசா என்று உலகம் அறிந்தவர். தம் மக்கள் சென்னைக்குச் செல்லப் பணம் வேண்டும் என்பதற்காக அவர்கள் தாயார் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்றுக் கொடுத்தார் என்பதை அவரே பலமுறை கூறியிருக்கிறார். ‘அன்னக்கிளி’ வெளிவந்த ஆண்டு 1976. அதற்கு முன்பு சிற்றூர்த் திடல்களில், எதிரே அமர்ந்திருந்த மக்களின் முகக்குறிப்பை நோக்கிப் பாடிய ஆண்டுகள் பல. அவை அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தன என்று நான் கருதுகின்றேன்.

வெளிநாடுகளிலும் இதனை ஒத்த செய்திகள் உண்டு. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரில், பண்டகசாலை ஒன்றின் நிலவறையில் ‘கேவர்ன்’ என்னும் சிறிய இசைக்கூடம் இருந்தது. 1961 முதல் 1963 வரை ‘பீட்டில்ஸ்’ குழுவினர் அங்கே ஏறத்தாழ 300 முறை வாசித்தனர். உலகப் புகழ் பின்னர் வந்தது. வியர்வையும் நெரிசலும் நிறைந்த அந்த அறையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற இளைஞர்களே அவர்களுடைய முதல் மதிப்பீட்டாளர்கள்.

இனி, நம் பழனிக்கே வருவோம். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் காவடி எடுத்து வருவோருடன் நடந்து வரும் நையாண்டி மேளத்தை நேயர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை சேர்ந்தது அக்குழு. சில குழுக்களில் உறுமியும் உண்டு. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல், ஒலிப்பதிவில் பெரும்பாலும் மங்கிவிடும். பத்தடி தூரத்தில் நின்றால் அது நெஞ்சுக்குள் புகுந்து அதிரும். இவர்களுக்கு மேடை இல்லை, தெருமுனையே மேடை. காவடி ஆடுபவரின் கால் தளர்ந்தால் தவில் நடையை மாற்றிக்கொள்ளும். அவர் மீண்டும் எழுந்தால் மேளமும் எழும். ஆடுபவர், வாசிப்பவர், சுற்றி நின்று காண்பவர் என்னும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே அந்த இசையை உண்டாக்குகின்றனர். ஒரு நல்ல குழுவை அருகிருந்து கேட்பதன் இலக்கணத்தை அறிய விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

மலைமேல் ஏறினால் காட்சி மாறுகின்றது. கோடைக்கானல் 1845-இல் அமெரிக்கச் சமயப் பணியாளர் குடியேறியதால் உருவான ஊர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1901-இல் தொடங்கிய பள்ளி ஒன்று இன்று கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக விளங்குகின்றது. பியானோவும் வயலினும் கிட்டாரும் இவ்வூருக்கு அன்னியமானவை அல்ல. மலையின் பழங்குடியினராகிய பளியரும் புலையரும் தமக்கென்று குழலும் பறையும் உடையவர்கள். நிலத்துக்கு ஒரு பறையும் ஒரு யாழும் வகுத்த தமிழ் இலக்கணம், குறிஞ்சிக்குத் தொண்டகப் பறையை உரித்தாக்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆக, இவ்வூரில் பல திசை இசைகள் ஒரே மூடுபனிக்குள் வாழ்கின்றன.

இங்கே நான் கேட்ட நிகழ்ச்சிகள் யாவும் சிறியவை. சிற்றுண்டிச் சாலையின் மேசைகளை ஒதுக்கிவிட்டு இருபது நாற்காலிகள் போடுவர். அல்லது பள்ளி மண்டபத்தில் பாய் விரிப்பர். கிட்டார் இரண்டு, பேஸ் கிட்டார் ஒன்று, பாடுபவர் ஒருவர் என்று குழு அமையும். மலைப்பாதையில் முழு டிரம்ஸ் தொகுதியை ஏற்றிக் கொண்டுவருவது செலவு மிகுந்தது. ஆதலின் பலரும் ‘கஹோன்’ என்னும் மரப்பெட்டியைக் கொண்டு வருகின்றனர். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் தோன்றிய கருவி அது. வாசிப்பவர் அதன் மீதே அமர்ந்து முன்பலகையைக் கையால் தட்டுவார். இருக்கையும் முழவும் ஒன்றாகிவிடுவதால் மலையூருக்கு மிகவும் ஏற்றது.

இத்தகைய நிகழ்ச்சிக்குச் சற்று முன்னதாகவே செல்லுங்கள் என்று நான் நண்பர்களுக்குச் சொல்வது வழக்கம். சுருதி கூட்டுவதைக் காண்பதற்காகத்தான். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்லும். வெப்பம் 10 பாகையாக இருக்கும்போது ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 337 மீட்டர் செல்லும். 20 பாகையில் 343 மீட்டர். குழல் போன்ற துளைக்கருவிகளின் சுருதி இந்த வேகத்தைப் பொறுத்தது. குளிர்ந்தால் இறங்கும், சூடேறினால் ஏறும். எஃகுத் தந்தியின் இயல்பு இதற்கு நேர் மாறானது. குளிரில் தந்தி சுருங்கி இறுகுவதால் சுருதி ஏறும். வெம்மையில் தளர்ந்து இறங்கும். தோற்கருவிக்கோ ஈரம் பகை. மூடுபனி இறங்கினால் தோல் தளர்ந்து ஒலி சோர்ந்துவிடும். பறை வாசிப்போர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவது இதனால்தான்.

மாலையில் வெறுமையாகக் குளிர்ந்து கிடந்த ஓர் அறையில் நாற்பது பேர் வந்து அமர்ந்து கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? அவர்களுடைய உடற்சூட்டாலும் மூச்சாலும் அறை மெல்ல வெம்மை பெறும். குழலின் சுருதி ஏறத் தொடங்கும்; கிட்டாரின் சுருதி இறங்கத் தொடங்கும். முதற்பாட்டுக்கு முன் ஒன்றாக இருந்த இரண்டும் மூன்றாம் பாட்டில் பிரிந்து நிற்கும். ஆதலின் பழகிய கலைஞர் இடையிடையே சுருதியைச் சரிபார்ப்பர். பொறுமையற்ற சிலர் இதனைக் காலம் கடத்துதல் என்று எண்ணுகின்றனர். உண்மையில், கேட்க வந்தவர்களை அறை உணர்ந்துகொண்டது என்பதற்கு அதுவே அறிகுறி. அவையோர் வந்து அமர்வதாலேயே இசையின் சுருதி மாறுகிறது என்பது உவமையன்று, பௌதிக உண்மை.

அறையின் அளவும் இவ்வாறே தொழிற்படுகின்றது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். அதனால் பெரிய மைதானத்தில் ஒலிபெருக்கியின்றி எதுவும் நடவாது. சிறிய கூடத்தில் நிலைமை வேறு. பத்து மீட்டர் தொலைவிலுள்ள எதிர்ச் சுவரைத் தொட்டு ஒலி மீண்டு வர, ஒரு விநாடியில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு நேரமே ஆகும். இவ்வளவு விரைவில் திரும்பும் ஒலியை நம் செவி தனி எதிரொலியாகப் பிரித்து அறிவதில்லை; முதல் ஒலியோடு சேர்த்துக்கொண்டு, அதனை இன்னும் நிறைவுடையதாக உணர்கின்றது. மிகுதியாக முழங்கும் வெற்றுச் சுவர்களின் கூர்மையைக் கம்பளிச் சால்வையும் குளிர்ச்சட்டையும் அணிந்து அமர்ந்திருப்போர் தம் உடையாலேயே மட்டுப்படுத்துகின்றனர். கேட்போர் இல்லாத கூடமும் கேட்போர் நிறைந்த கூடமும் ஒலியியல் நோக்கில் இரு வேறு கூடங்கள்.

வானொலியில் இந்த நுட்பங்கள் பலவும் குறைந்தே வந்து சேரும். பண்பலை ஒலிபரப்பு விநாடிக்கு ஏறத்தாழ 15,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளை ஏந்திச் செல்லும்; அது போதுமானதே. ஆனால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை நாங்கள் சுருக்கியே அனுப்ப வேண்டியிருக்கிறது. பேருந்திலும் அடுக்களையிலும் கேட்கும் நேயருக்கு மெல்லொலி காதில் விழ வேண்டும் அல்லவா? ஆகவே பாடுபவர் மூச்சை இழுக்கும் ஓசையும், தந்தி மீது விரல் நழுவும் கீச்சொலியும், பாட்டு முடிந்தபின் எவரும் கைதட்டாமல் இருக்கும் அந்த இரண்டு விநாடியும் நேரில் வந்தவர்க்கே உரியவை.

இனி இவ்விசையின் பொருளைப் பற்றி ஒரு சொல். யாருடைய கட்டளைக்கும் பாடாதவர் எதைப் பாடுவார்? பெரும்பாலும் காதலையும் தனிமையையும் பாடுகின்றனர். சில வேளைகளில், பிறர் பாடத் தயங்குவதையும் பாடுகின்றனர். கோடைக்கானலில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, பாதரசக் கழிவு பற்றிய குற்றச்சாட்டு எழுந்ததையடுத்து 2001-இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர் நீண்ட காலம் ஈடு கேட்டுப் போராடினர். 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் என்னும் பாடகி அவர்கள் குறையைத் துள்ளல் நடைப் பாட்டாக்கி இணையத்தில் வெளியிட, அது உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் அத்தொழிற்சாலையின் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பாக உடன்பாடு கண்டது. 2018-இல் மண்ணைத் தூய்மை செய்வதன் அளவு பற்றி மீண்டும் ஒரு பாட்டு வந்தது. கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் அதில் பாடினார். பாட்டு ஒன்றே இவ்வுடன்பாட்டைக் கொணர்ந்தது என்று கூறுவது மிகையாகும். ஒன்றரைப் பத்தாண்டு உழைத்தவர்கள் தொழிலாளரே. ஆயினும், எவரும் பணம் கொடுத்துப் பாடச் சொல்லியிராத ஒரு பாட்டு அவர்கள் பக்கம் நின்றது. பேகன் முன் நின்ற புலவரின் வழி இன்னும் தூர்ந்துவிடவில்லை என்று கொள்ளலாம்.

இத்தகைய குரல் நிலைத்திருப்பது எதனால்? இங்கேதான் நான் முதலில் கூறிய பொறுப்பு வருகின்றது. ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது பேர் அமரும் கூடம். நுழைவுக் கட்டணம் தலைக்கு 200 ரூபாய். அனைவரும் வந்தால் 10,000 ரூபாய் சேரும். கூடத்திற்கு உரியவர் பங்கு, ஒலிக்கருவி வாடகை, மதுரையிலிருந்து மலையேறி இறங்கும் வண்டிச் செலவு, இரவு தங்கும் செலவு இவையெல்லாம் போக, ஐவருக்கு மிஞ்சுவது ஒரு நாள் கூலியளவே. இருபது பேர் மட்டும் வந்தால் வண்டிக்கே போதாது. பெரிய மைதானத்தில் ஆயிரம் பேர் வராவிட்டால் எவருக்கும் தெரியாது. இங்கே பத்துப் பேர் வராவிட்டால் அக்குழு அடுத்த முறை மலையேறுவதில்லை. நையாண்டி மேளத்தாரின் நிலையும் இதுவே. பதிவு செய்த பாட்டை வண்டியில் ஒலிபெருக்கி கட்டி முழக்கினால் செலவு குறைவு என்று விழாக் குழுவினர் முடிவு செய்யும் ஒவ்வோர் ஆண்டும், சில குடும்பங்களின் பருவகால வருவாய் நின்றுபோகின்றது. தந்தை கற்ற தொழிலை மகன் கைவிட்டு நகரத்திற்குச் செல்வதற்கு அதைவிட வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

ஆகவே நேயர்களுக்குச் சில எளிய வேண்டுகோள்கள். உங்கள் ஊரிலோ அண்டையிலோ இத்தகைய நிகழ்ச்சி நடப்பதாக அறிந்தால், குழுவின் பெயர் அறிமுகமற்றது என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். ஒருமுறை செல்லுங்கள். இலவச அழைப்பைத் தேடாமல் கட்டணம் செலுத்துங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே அமராமல், குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரியும் இடத்தில் பக்கவாட்டில் அமருங்கள். கண்ணசைவால் அவர்கள் பேசிக்கொள்வது பாட்டின் பாதி. கைபேசியில் படம் பிடிக்கும் ஆசையை ஒரு பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடுபவருக்கு உங்கள் முகம் தேவை. திரைப்பாட்டு ஒன்றைப் பாடுமாறு கேட்பதற்கு முன், அவர்கள் சொந்தமாக ஆக்கியதைக் கேளுங்கள். முடிந்தபின் எந்தப் பாட்டு பிடித்தது, எந்த இடத்தில் மனம் ஒட்டவில்லை என்பதை அவர்களிடமே சொல்லுங்கள். அருகில் இருப்பதன் பயன் அதுவே. கூடம் வைத்திருப்போருக்கும் ஒன்று சொல்வேன். மாதத்தில் ஒரு மாலையை ஊர்க் குழுக்களுக்கென ஒதுக்குங்கள். மலையைச் சூழ்ந்த காடு உறங்கும் நேரத்திற்கு முன்பே முடித்துவிடும்படி, ஒலிபெருக்கியைத் தாழ்த்தி, கருவிகளின் இயல்பான ஒலிக்கு இடம் கொடுங்கள்.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கின்றது. 2018-இல் பூத்த மலர்ச்சியைக் காண எங்கிருந்தெல்லாமோ மக்கள் இம்மலைக்கு வந்தனர், 2030-இலும் வருவர். ஊரின் இசைக்குழுவோ, அழைத்தால் அடுத்த சனிக்கிழமையே பாடுவதற்கு அணியமாக இருக்கின்றது. அதனைக் காணவும் கேட்கவும் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. சால்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு, தெருவைக் கடந்து, அந்தச் சிறிய கூடத்தின் நாற்காலி ஒன்றில் நீங்கள் அமர்ந்தால் போதும். அந்த நாழிகையில் வானொலிப் பெட்டியை நிறுத்திவிட்டுச் செல்வீர்களாயின், அதற்காக நான் வருந்த மாட்டேன்.